எட்டு நிமிடம் பதினொரு விநாடி

வீட்ஸ்கே ஹூக்ஸ்ட்ராவை எனக்கு
முதுகால் தெரியும்.
என் முதுகால்.

ஓபர்ஹவுசன் அரங்கின் கூரையில்
நான்காவது விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.
வணங்கினேன், கை நீட்டினேன்,
விளக்கைப் பார்த்தேன்.
நடுவரின் கை அதற்குள் வானத்தில்.
பதினொரு விநாடி.
அறிவிப்பாளர் அப்போதுதான்
சு… வென்… டி… என்று
என் பெயரில் பாதி வழி வந்திருந்தார்.

அவளுக்குப் பத்தொன்பது வயது.
கோடையில் டெர்ஸ்கெல்லிங் தீவு விடுதியில்
படுக்கை விரிப்பு மடிக்கிறவள்.
கடற்காற்றில் ஈரத்துணியின் முனையை
விடாமல் பிடித்துப் பழகிய விரல்கள்
என் சட்டைக் கையைப் பிடித்த விதத்தில்
நான் நனைந்திருந்தேன் என்றுதான் தோன்றியது.

ஹம்முக்குத் திரும்பியதும் அம்மா கேட்டா,
எப்படி விழுத்தினவள்?
உச்சிமாதா, என்றேன்.
உள்தொடையால் தூக்கி எறிகிற வீச்சு,
ஜப்பானியப் பெயர்.
அம்மா அடுப்பைத் தணித்தா.
'அது ஆற்றை அம்மன், எந்த ஊர்க் கோயில்?'

அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.
உச்சிமாதா பாரிஸில் வென்றிட்டாவாம்.
உச்சிமாதாவுக்கு முழங்காலில் கத்தியாம்.
நேர்த்திக்கடன் ஒன்றுதான் வைக்கவில்லை.

இரண்டாம் முறை இரண்டு நிமிடம் நாற்பது.
மூன்றாம் முறை
ஐந்து நிமிடமும் முடிந்து
கூடுதல் நேரத்தின் இருபதாவது விநாடியில்
எச்சரிக்கைகளால் தோற்றேன்.
அன்று என் முதுகு தரையில் படவில்லை.
அதை யாரிடம் சொல்வது?
கடைசி ரயிலில் கூட்டிப் பார்த்தேன்:
எட்டு நிமிடம் பதினொரு விநாடி.
உலக வெற்றியாளரோடு
நான் வாழ்ந்த மொத்த வாழ்க்கை.

பிறகு அவளுக்கு
ஐரோப்பா மூன்று முறை, உலகம் ஒரு முறை,
ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம்
(அதைக் கேட்டால் பேட்டியிலிருந்து எழுந்துவிடுவாள்).
எடை பார்க்கும் காலைகளில்
காகிதக் குவளையில் துப்பித் துப்பி
அறுபத்து மூன்றுக்குள் தன்னை அடைத்துக்கொண்ட
பதினைந்து ஆண்டுகள்.
விரல் மூட்டுகள் இஞ்சிக் கிழங்குபோல் ஆகிவிட்டன,
படங்களில் பார்த்திருக்கிறேன்.
எனக்கு கெல்சன்கிர்ஷனில்
செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை.
சனி ஞாயிறுகளில்
விரிப்போரம், மேசைக்குப் பின்னால்,
கடிகாரம்.

அதே அரங்கு. அவளுக்கு முப்பத்து நான்கு.
பிரெஸ்ட்டிலிருந்து வந்த மைலிஸ் என்ற சிறுபெண்
அவள் மார்பின்மேல் குறுக்கே விழுந்து
கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.
நடுவர் கை நீட்டினார்.
நான் பொத்தானை அழுத்தினேன்.

இருபது வரை அசையவிடாமல் வைத்தால் முடிந்தது.

ஐந்தில் இடுப்பைத் தூக்கினாள்.
ஒன்பதில் ஒரு கை வெளியே வந்து
பிடிக்க ஏதாவது தேடியது.
அந்தக் கையை எனக்குத் தெரியும்.
பதினான்கில்
ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த கூட்டம் எழுந்து கத்தியது.
பதினாறு.
என் விரல் பொத்தானுக்கு மேலே.
கடிகாரத்துக்கு இரக்கம் தெரியாது;
எனக்குத் தெரியும்,
அதனால்தான் கடிகாரத்தை நம்புகிறார்கள்.
பதினெட்டில் அவள் நிறுத்திவிட்டாள்.
மீதி இரண்டு விநாடி
கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

நானும் நிமிர்ந்து பார்த்தேன்.
நான்காவது விளக்கை எப்போதோ மாற்றியிருக்கிறார்கள்.

பின்வழியில், காபி இயந்திரத்தின் அருகே,
முழங்காலில் பனிக்கட்டிப் பை கட்டி நின்றிருந்தாள்.
என்னைப் பார்த்தாள். நெடுநேரம்.
பெயர் வரவில்லை அவளுக்கு.
உடைந்த ஜெர்மனில் சொன்னாள்:
'இடது கை.
நீ எப்பவும் முதலில் இடது கையை நீட்டுவாய்.'

பதினைந்து ஆண்டுகளில்
என் பயிற்சியாளர் கண்டுபிடிக்காதது.

அப்புறம் சில்லறை இருக்கிறதா என்று கேட்டாள்.
ஒரு யூரோவை நீட்டினேன்.
எந்தக் கையால் என்று
இருவரும் ஒரே நேரத்தில்
குனிந்து பார்த்தோம்.